சறுக்குமரத்தைச் சுற்றி நெல்

சென்னையிலிருந்து காரில் தஞ்சாவூர் போய்க்கொண்டிருந்தோம். கிளம்பியதிலிருந்து பின்சீட்டில் ஒரே ரகளை. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. கும்பகோணம் தாண்டியதும், "பாபநாசத்துல ஒரு பார்க் இருக்கு, சறுக்குமரம் ஏறலாம்" என்று வாயை விட்டுவிட்டேன். அதன் பிறகு இரண்டும் சத்தமே போடவில்லை.

போய்ப் பார்த்தால் பூங்கா முழுக்க நெல். ஊஞ்சலுக்கு அடியில், சறுக்குமரம் முடிகிற இடத்தில், சிமெண்ட் தரை தெரியாமல் பரப்பிக் கிடந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி காலால் அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏங்க, இது புள்ளைங்க விளையாடுற இடம்ங்க."

"தெரியும்க்கா. ஈரமா இருக்குன்னு நேத்து கொள்முதல் நிலையத்துல திருப்பி விட்டுட்டாங்க. இன்னைக்கு நாலு மணிக்குள்ள கொண்டு போகலேன்னா அப்புறம் ரெண்டு நாள் லீவு. மழை வேற வரும்ங்கிறாங்க. மொளச்சுப் போயிடும்."

"வா, போயிடலாம்" என்றார் கணவர். எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான் பதில். மகன் அழ ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். "செருப்பக் கழட்டிட்டு வா தங்கம். காலத் தூக்காம இழுத்துக்கிட்டே நடக்கணும். ரயில் ஓட்டு, பாப்போம்."

இரண்டும் கூவிக்கொண்டு ஓடின. போன வழியெல்லாம் கோடு விழுந்து, அடியிலிருந்த ஈர நெல் மேலே வந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் இறங்கினேன். நெல் காலைச் சுட்டது. எரிந்து விழுந்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் கணவரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

மூன்று மணிக்கு அவள் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள். "பரவால்லக்கா, கடக்குங்குது. இன்னும் ஒரு தடவ கிளறினா போதும்." சறுக்குமரத்தின் அடியில் மட்டும் நெல்லை ஒதுக்கிவிட்டு, "ஏறு பாப்பா" என்றாள். மகள் ஏறினாள்.

அப்போது வாசலில் இன்னொரு கார் வந்து நின்றது. மூன்று பிள்ளைகள் செருப்போடு இறங்கி ஓடி வந்தார்கள். பின்னால் வந்த அம்மா நெல்லைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன்.

"நில்லுங்க! செருப்பக் கழட்டுங்க. நாலு மணிக்குள்ள இது காயணும்!"