மனை வாங்க வந்தவர்களுக்கு மீன் கொடுத்த ஊர்

கண்மாய்க் கரையில் நின்று வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றிய மதினியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், பற்றிக்கொண்டும் வரும். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். கோடையில் கண்மாய் வற்றுகிறபோது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையேறித் துண்டை வீசின பிறகுதான் யாரும் தண்ணீரில் கால் வைக்கலாம். வீசிவிட்டாலோ எந்த ஊர்க்காரரும் இறங்கலாம், தடுக்கக் கூடாது. பெண்கள் துண்டு வீசும் வழக்கம் கிடையாது. என் அண்ணன் மனைவிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

அந்த வருஷம் கண்மாயின் உள்வாயில், அதாவது மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கும் பகுதியில், ஒருவர் லாரி லாரியாகச் செம்மண்ணைக் கொட்டி வீட்டுமனை போட்டார். நீர்பிடிப்பில் வீடு கட்டக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. இருக்கிறது என்று அதிகாரிகளும் வந்து சொன்னார்கள், டீ குடித்தார்கள், ஜீப்பில் ஏறிப் போனார்கள். மதினி மட்டும் திங்கட்கிழமை தவறாமல் மதுரைக்கு பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்தார். கண்மாயில் தண்ணீர் இல்லாவிட்டால் அண்ணனின் வயல் தரிசுதான். அவர்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை. ஊரில் பாதிப் பேர் நமக்கெதுக்கு வம்பு என்றார்கள். மீதிப் பேர் மனை என்ன விலை என்று விசாரித்தார்கள்! இந்த ஊரை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்வது?

மனைத் திறப்பு விழாவுக்கு மதுரையிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டிவருகிறார்கள் என்று தெரிந்ததும், அதே நாளில் மீன்பிடித் திருவிழா என்று சுற்றுவட்டாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார் மதினி.

"வாங்குறவுக கண்ணால பாக்கட்டும் கொழுந்தனாரே. பக்கத்துல இம்புட்டு மீனு துள்ளுனா இது கண்மாயின்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும்ல? துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடிருவாக பாருங்க."

ஊத்தாக் கூடையும் வலையுமாக, சொன்ன நாளில் கூட்டம் வந்து சேர்ந்தது. ஊர்ப் பெரியவரோ மனைக்காரர் போட்ட மாலையோடு பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் பொறுங்கப்பா, விழா முடியட்டும்" என்றார். மதினி நேராகப் போய் அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு கரையேறி வீசிவிட்டார். அடேயப்பா, அந்த ஆரவாரம்! விராலும் கெளுத்தியும் சேற்றில் புரண்டன. வேனில் வந்தவர்கள் பந்தலை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களின் புத்தி அங்கேதான் வேலையைக் காட்டியது. கரையில் நிற்கிற அசலூர்க்காரரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த வருஷம் மீன் படாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆளாளுக்கு மீனை நீட்டினார்கள். நான் கத்தினேன்: "மதினி, அவுக மனை வாங்க வந்தவுக!"

"அதுக்காக? வந்தவுகள வெறுங்கையோடவா அனுப்புறது?" என்று சொல்லி, இருப்பதிலேயே பெரிய விராலாகப் பார்த்து, மதுரையிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாவின் பையில் போட்டார் மதினி. குழம்பு வைக்கிற பக்குவம் வேறு சொல்லிக்கொடுத்தார். "இப்படிப்பட்ட மனுஷங்க இருக்குற ஊர்லதான் வீடு கட்டணும்" என்று டீச்சரம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். சாயங்காலத்துக்குள் மனை அத்தனையும் விற்றுவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வீடுகள் எழும்பின. போன கார்த்திகையில் பெய்த மழையில் அந்த வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீர் தன் இடத்துக்கு வராமல் வேறெங்கே போகும்? மதினியின் வீட்டில்தான் டீச்சரம்மா குடும்பத்துக்குச் சாப்பாடு நடந்தது. குடியிருப்புக்காரர்கள் சாலையை மறித்தார்கள். எத்தனையோ மனு கொடுத்தும் எங்களுக்கு வராத பொக்லைன் அவர்களுக்கு மறுநாளே வந்தது. நிறைந்த தண்ணீர் வழிகிற கலுங்குச் சுவரை உடைத்துவிட்டார்கள். வீடுகள் காய்ந்தன, கண்மாயும் காய்ந்தது. தை பிறந்து, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மடையில் ஒரு சொட்டு இல்லை. மதினியின் வயலில் போட்டது அத்தனையும் பதராகப் போயிற்று.

வெடித்துக் கிடந்த அந்த வயலுக்கு டீச்சரம்மா ஒருநாள் வந்தார். நானும் இருந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, அதில் பொய்யில்லை. "எங்களாலதானேக்கா இப்படி ஆயிருச்சு. தெருவுல எல்லாரும் பேசியிருக்கோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு லாரித் தண்ணி வாங்கி உங்க வயல்ல விட்டுடறோம்" என்றார்.

ஒரு லாரித் தண்ணீர்! நெல் வயலுக்கு! என் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது, விழுங்கினேன். கலெக்டர் ஆபீசையே கலக்கிய மதினி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்து போயிற்று. பிறகு நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"சாப்புட்டீகளா டீச்சரம்மா?"