சவிரிமுத்து அண்ணனின் கை

சவிரிமுத்து அண்ணன் இன்று காலையில் போய்விட்டார்...

துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற சிக்னல்காரராக முப்பது வருடத்துக்கு மேல் நின்ற மனிதர். துறைமுகச் சந்தியில் தொழிலாளர் சிலை இருக்கிறதே, அதில் கை நீட்டி நிற்பவர் அவர்தான். முகம் அச்சொட்டாக அவருடையது.

கை அவருடையது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் அந்தச் சிலைக் கமிட்டியின் செயலாளர். சிற்பிக்குக் காட்ட போட்டோ வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டேன். அயன் பண்ணிய சேர்ட்டோடு ஓர்ஸ் ஹில்லில் இருந்து நடந்தே வந்தார்.

மேலே தொங்கும் மூட்டைகள், கீழே குனிந்து நிற்கும் ஒருவர், பக்கத்தில் அண்ணன்... இதுதான் எங்கள் பிளான். குனிந்து நிற்பவருக்குப் பதிலாக நான் போய் நின்றேன்.

அண்ணன் உடனே உள்ளங்கையை விரித்துக் கையை உயர்த்தினார். மேலே கிரேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் மேலே பார்த்தபடி அசையாமல் நின்றார்.

"கீழ ஆள் நிண்டா இதுதான் தம்பி. நிப்பாட்டு. நீங்கள் வெளியால வரும் மட்டும் நான் கையை எடுக்கமாட்டன்."

"என்ட கைக்குக் கீழ ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழேல்ல" என்றும் சொன்னார். வேறு எந்தப் பெருமையும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு சிற்பி களிமண்ணில் செய்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விரித்த கையோடு, வோட்டுக் கேட்க வந்த ஆள் மாதிரி இருந்தார் அண்ணன். "கையைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கோ" என்றேன்.

பாவம், சிற்பியும் இறக்கினார். விரல் கீழே நீட்டியபடி.

கீழே நீட்டிய விரலென்றால் கிரேன்காரருக்கு 'இறக்கு' என்று அர்த்தம். எனக்குத் தெரியாது. ஒரு போன் கோல் எடுத்து அண்ணனிடம் கேட்டிருக்கலாம்...

திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. என்னை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, இந்தக் கை இறக்கச் சொல்லுது. கீழ ஆள் நிக்கிறான்."

"சிலைதானே அண்ணன்... ஆர் கவனிக்கப் போகினம்?"

"என்னோட வேலை செய்த ஆக்கள் கவனிப்பினம்."

கவனித்தார்கள். "சவிரி, ஆளைக் கொல்லப் போறியோ?" என்று பஸ் ஸ்டாண்டில் வைத்தே பகிடி. அவர்களுக்குப் பகிடி. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனதை நானே கண்டேன்.

"மழை முடியட்டும், மாத்துவம்" என்று வாக்குக் கொடுத்தேன். மழை எத்தனையோ தரம் வந்து முடிந்தது. மார்க்கெட்டில் காணும்போதெல்லாம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இறக்கச் சொன்னது நான்தான் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சிற்பியின் பிழை என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று செத்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"அப்பா கடைசி மட்டும் அதையே யோசிச்சவர் அண்ணா. போட்டோ எடுத்த அண்டைக்கு நான்தான் கையை மாறிக் காட்டிப்போட்டனோ எண்டு... தனிய இருந்து கையைத் தூக்கித் தூக்கிப் பாப்பார்."

அங்கேயும் என்னால் வாய் திறக்க ஏலவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அதைத்தான் இங்கே செய்துகொண்டிருக்கிறேன்.

அடக்கம் நாளை பின்னேரம். துறைமுகத்தில் அவரோடு நின்றவர்கள், பேஸ்புக் பார்க்காத உங்கள் ஆட்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அண்ணன்... நீங்கள் சரியாகத்தான் காட்டினீங்கள்.

போயிட்டு வாங்கோ.