கானோக்காரனுக்கு ஓர் அறை

நைஜீரியாவின் கானோ நகரத்தில் சில வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தேன். லீவில் என் ஊரான புதுச்சத்திரம் வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "அங்கெல்லாம் ஊடு வாசல் இருக்குதுங்களா?" என்பதுதான். நாம் போய்த்தான் அவர்களுக்குத் தண்ணீரும் நாகரிகமும் காட்டினோம் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரும்புக்கல் இருந்த ஒரு குன்றைச் சுற்றிக் கொல்லர்கள் குடியேறித்தான் அந்த ஊர் உண்டானது என்று அங்கே சொல்வார்கள். பிறகு மண்கோட்டை எழுந்தது. பாலைவனம் தாண்டி ஒட்டகத்தில் உப்பு வந்தது. தோலும் அவுரிச் சாயம் தோய்த்த துணியும் திரும்பிப் போயின. வெளியூர் வியாபாரியைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, சரக்கைப் பத்திரப்படுத்தி, அவனுக்காகச் சந்தையில் விலை பேசுவதற்கென்றே குடும்பங்கள் இருந்தன. தர்மம் ஒன்றும் இல்லை, அதற்குத் தரகு உண்டு. ஆனால் முன்பின் தெரியாதவனுக்குக் கதவைத் திறந்தால்தான் பிழைப்பு என்பது அந்த ஊருக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

அப்படியொரு குடும்பத்துப் பெரியவர் வீட்டில் போர் போட்டுக் கொடுத்திருந்தோம். பிறகு கம்பெனியின் தகரக் கொட்டகையில் நான் மலேரியாவில் கிடந்தபோது, ஆள் அனுப்பித் தூக்கிப்போய்த் தன் வீட்டில் படுக்கவைத்தார். ஊர் திரும்பும்வரை அங்கேதான் இருந்தேன். என்னிடம் அவர் எதுவும் வாங்கவில்லை.

போன வருஷம் அவர் மகன் துணி கொள்முதலுக்காகச் சேலம் பக்கம் இளம்பிள்ளைக்கு வந்தான். மூன்று மாதம் தங்க வேண்டும். சேலை விற்க எல்லோரும் ஓடிவந்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால், போனில் "வந்து பாருங்க" என்றவர்கள், ஆளைப் பார்த்ததும் "இப்பத்தானுங்க வேற ஒருத்தருகிட்ட அட்வான்ஸ் வாங்குனோம்" என்றார்கள். கூசாமல் சொன்னார்கள்.

கடைசியில் என் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. வாசலில் வாடகை போர்டும் தொங்கியது. கானோவிலிருந்து நான் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடி அது. கீழே பின்பக்கத்து ஒற்றை அறைதான் எனக்கு. அதில் மனைவி, கல்லூரி போகும் மகள், நான்.

"நல்ல பையனாவே இருக்கட்டும் சாமி. பொண்டு புள்ளைக இருக்கற ஊடு. நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் அண்ணன்.

"என்னையக் காப்பாத்துன குடும்பமுங்கண்ணா."

"அதுக்கு ஒரு வேளை சோறு போட்டு அனுப்பலாம்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையன் சேலத்தில் லாட்ஜ் லாட்ஜாக மாறி, பாதிக் கொள்முதலோடு கிளம்பிப் போனான். வழியனுப்பப் போன என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது.

இந்த ஆடியில் அண்ணன் மகனுக்கு ரிக் வேலைக்கு விசா வந்தது. அதே கானோவுக்கு. அண்ணன் என் அறைக்கே வந்து உட்கார்ந்தார்.

"கம்பெனிக் கொட்டாயி வேண்டாம் சாமி. உன்ற பெரியவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. பையன அவரு ஊட்டுல தங்க வெச்சுக்கட்டும்."

வாயில் வந்ததைக் கொட்டியிருக்கலாம். பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்துவிட்டுப் பெரியவருக்குப் போன் செய்தேன். முடியாது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. என்றைக்கு வருகிறான் என்று கேட்டார் பெரியவர். கூட்டிவர ஏர்போர்ட்டுக்குத் தன் மகனையே அனுப்புவதாகச் சொன்னார்.