காப்புக்கு முன் ஓர் எலி வேட்டை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டீக்கடையில் டீயை வாங்கிக்கொண்டு ரோட்டில் நடந்தபடி குடிப்பவன் நான். "ஒங்க காலுக்கு ஆணியா அடிச்சு வைக்க முடியும்?" என்று என் மனைவி அலுத்துக்கொள்வாள். இப்படிப்பட்டவன் கையில் ஒரு வாட்ஸ்அப் குரூப்பையும் ஓர் எலி வேட்டையையும் கொடுத்தால் உருப்படுமா? அந்த மாதம் முழுக்க நானும் தூங்கவில்லை, என் நண்பர்கள் நாலு பேரையும் தூங்கவிடவில்லை.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வளைகுடாவுக்குப் போனவர். ரெண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுப் போய் ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பினார். வந்து போர் போட்டு, முந்திரிக்காடு போக மிச்ச நிலத்தில் கடலை போட்டார். முதல் போகம் பரவாயில்லை. அடுத்த போகத்தில் எலி புகுந்துவிட்டது. செடி மேலே பச்சைப்பசேல் என்று நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் வேரில் காயே இருக்காது. எல்லாவற்றையும் வளைக்குள் இழுத்துக்கொண்டு போய் அடுக்கி வைத்திருக்கும்.

"மச்சான், மறுபடியும் விசா வந்திருக்கு. எலிக்கு வெள்ளாமை பண்றதுக்கு அங்கிட்டே போயி வேலை பாக்கலாம்" என்று ஒருநாள் போனில் சொன்னார். பின்னால் தங்கச்சி பாத்திரத்தை டொம்மென்று வைக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் மகள் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறாள். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, "மாமா, அப்பா போறாராமே?" என்று கேட்டாள். "போகமாட்டாரு, நான் பாத்துக்கறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். எதை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. எலிதானே காரணம், எலியை ஒழித்தால் ஆள் நின்றுவிடுவார் என்று என் புத்திக்குத் தோன்றியது.

உடனே குரூப் ஆரம்பித்தேன். பேரே 'எலி வேட்டை'தான். ஒரு நண்பனிடம் ஏர்கன் இருந்தது. இன்னொருவன் ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கி, பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் போட்டிருந்த டென்ட் இரண்டு இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள். பகலில் வளை பார்த்து அடையாளம் வைப்பது, பொழுது சாயும்போது எலி வெளியே வரும்போது சுடுவது, ராத்திரி தோட்டத்திலேயே டென்டில் படுப்பது. ஒருத்தன் "பாத்ரூம் வசதி எப்புடிடா?" என்று கேட்டான். இன்னொருத்தன் "எலி கடிச்சா ஊசி போடணுமா?" என்றான். "நீ எலியக் கடிக்காம இருந்தாப் போதும்" என்று பதில் போட்டேன்.

எதையும் விட்டுவைக்கவில்லை நான். மழை வருமா என்று பார்த்தேன். நிலா எப்போது கிளம்பும் என்று பார்த்தேன். அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தால் ஒருத்தனும் வரமாட்டான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், ஆட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று. துப்பாக்கி எப்போதும் கண்மாய்க் கரையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், மயில் பக்கம் திருப்பினால் கையை ஒடிப்பேன், துப்பாக்கியைக் காரில் வைத்துப் பூட்டிய பிறகுதான் பாட்டில் திறக்கலாம் என்று குரூப்பில் சட்டம் போட்டேன். மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை திருச்சியில் ஃபிளைட். அதற்கு முன்னால் கிடைத்த கடைசி சனிக்கிழமை அது. இவ்வளவு பார்த்தவன், அந்த ஊர் அம்மனுக்கு என்றைக்குக் காப்புக் கட்டுகிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை, அடுத்த வாரம் என்று மாப்பிள்ளை சொன்னதோடு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் போய் இறங்கினோம். தோட்டத்தின் ஒரு மூலையில்தான் அவர்கள் வீடு. முந்திரி மரத்தடியில் டென்ட் அடிப்பதற்குள் நாலு பேரும் நாலு விதமாகக் கம்பியைச் சொருகி, கடைசியில் மாப்பிள்ளை வந்து நிமிர்த்தி வைத்தார். பாலைவனத்தில் இதைவிடப் பெரிய டென்ட் எல்லாம் பார்த்திருக்கிறேன் மச்சான் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆளை எப்படியும் நிறுத்திவிடலாம் என்று மனசு துள்ளியது.

மத்தியானம் மோர் வாங்க வீட்டுக்குப் போனேன். தங்கச்சி அடுப்படியில் இருந்தாள். வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அண்ணே, இன்னைக்குப் பொழுது சாஞ்சதும் காப்புக் கட்றாங்க. அவருக்குத் தெரியாது."

காப்பு என்றால் எங்கள் ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் யார் இருக்கிறார்களோ, அவர்கள் திருவிழா முடியும்வரை எட்டு ராத்திரியும் அந்த ஊரில்தான் படுத்து எழவேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரி திரும்பிவிட வேண்டும். விருந்தாளி வந்திருந்தாலும் அதே கதைதான்.

"அது அடுத்த வாரம்னுல்ல மாப்ள சொன்னாரு?"

"இவரு விசா மெடிக்கலுக்கு மெட்ராஸ் போயிருந்தப்ப ஊர்க் கூட்டம் போட்டுத் தேதிய முன்னாடி தள்ளிட்டாங்க. கோயில் வரி வாங்க வந்தவரு எங்கிட்டச் சொன்னாரு. நான் இவருகிட்டச் சொல்லல. ஊர் குரூப்பை இவரு தொறந்தே பாக்குறதில்ல, அதுல வர்றது பூரா காலை வணக்கம்."

"சொல்லாம விட்டா?"

"காப்புக்குள்ள மாட்டிக்கிட்டா எல்லையத் தாண்டிப் படுக்கமாட்டாருண்ணே. எத வேணும்னாலும் கேலி பேசுவாரு, காப்பை மட்டும் பேசமாட்டாரு. திங்கக்கிழமை ஃபிளைட்டு போயிரும். விசாவும் போயிரும். நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

அவள் கெஞ்சவில்லை. கரண்டியை என் பக்கம் நீட்டி மிரட்டுகிற மாதிரிதான் சொன்னாள். நான் மோர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நண்பர்கள் வளை தேடி வரப்பில் குனிந்து நடந்தார்கள், நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வெயில் இறங்கவே மாட்டேன் என்கிறது! என் நண்பர்களுக்கும் ஆபீஸ் இருக்கிறது, பிள்ளை குட்டி இருக்கிறது. நாலு பேரையும் சேர்த்து எட்டு நாள் கட்டிப்போடப் போகிறேன். தெரிந்தால் ஏர்கன்னை என் மேலேயே திருப்புவார்கள். இருக்கட்டும், பகலில் ஆபீஸ் போய்விட்டு ராத்திரி வந்து டென்டில் படுக்கட்டும், கேம்ப்பிங் கேம்ப்பிங் என்று பறந்தவர்கள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "ஏன்டா பேய் அறைஞ்ச மாதிரி அலையிறே?" என்று ஒருத்தன் கேட்டான். வெயில் என்றேன். நிழலில்தானே நிற்கிறாய் என்றான். நான் மோட்டார் கொட்டகைவரை போய்த் திரும்பினேன்.

பொழுது சாயத் தொடங்கியதும் எலி வர ஆரம்பித்தது. துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் சுட்டான், மண் தெறித்தது. மறுபடி சுட்டான், கடலைச் செடி ஒன்று செத்தது. "இங்கிட்டுக் குடுங்க" என்று மாப்பிள்ளை வாங்கினார். வரப்பில் குப்புறப் படுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சூடு. எலி உருண்டது. நாலு பேரும் கத்திக்கொண்டு அவரைத் தூக்கிவிட்டார்கள். "பாத்தீங்களா மச்சான்!" என்று சின்னப் பையன் மாதிரி என்னைப் பார்த்தார். "இந்தத் துப்பாக்கி மட்டும் நம்மகிட்ட இருந்தா ஒரு வாரத்துல காட்டைச் சுத்தம் பண்ணிரலாம்!"

ஆத்தா, இந்த மனுஷனை இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே வைத்திரு என்று அம்மனையே வேண்டிக்கொண்டேன். அவளுக்கே எதிராக அவளிடமே வேண்டுகிறோமா, அவள் சார்பில் வேண்டுகிறோமா என்று கூட எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் ரோட்டில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. "ஊர்ப் பொதுமக்களின் கவனத்திற்கு! இன்று மாலை அம்மனுக்குக் காப்புக் கட்டுவதால், வெளியூர் அன்பர்கள் யாரேனும் இருந்தால் இருட்டுவதற்குள் எல்லையைக் கடந்து..." ஆட்டோக்காரன் சும்மா போகவும் இல்லை. எங்கள் டென்டைப் பார்த்துவிட்டான் போல. தோட்டத்துக்கு நேராக நிறுத்தி, இரண்டாம் தரமும் முழுசாக வாசித்துவிட்டுப் போனான்.

மாப்பிள்ளை துப்பாக்கியின் வாயைத் தரைக்குத் திருப்பினார். வாசலில் நின்ற தங்கச்சியைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு, மச்சான்?"

"மத்தியானத்துலேருந்து தெரியும்" என்றேன். பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

நண்பர்களுக்குள் களேபரம் ஆகிவிட்டது. "டேய், எனக்கு திங்கக்கிழமை ஆடிட்டுடா!" என்று ஒருத்தன் அலறினான். எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா காப்பை மீறக்கூடாதுன்னு என்னை இங்கயே கெடன்னு சொல்லிரும் என்றான் இன்னொருத்தன். டென்டைப் பிடுங்கினார்கள், அது அதன் பைக்குள் போக மறுத்தது. மாப்பிள்ளைதான் வந்து மண்டி போட்டு மடித்துக் கொடுத்தார். டிக்கியில் ஏற்றினார். கயிற்றைச் சுருட்டினார். எல்லா வேலையும் முடிந்த பிறகும் காரைவிட்டு நகரவில்லை. கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

என் கார் அது. நான் அதைக் கொண்டு வந்திருக்காவிட்டால், அந்த நேரத்தில் அவர் எல்லையைத் தாண்ட வேறு வழியே கிடையாது. பஸ் போய்விட்டது, அவர் பைக் கந்தர்வக்கோட்டையில் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. அவரை நிறுத்துவதற்கென்றே ஒரு மாதம் ஓடிய நான், ஏறிப் போவதற்கு வண்டியைக் கொண்டுவந்து வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"எடமில்ல மாப்ள. அஞ்சு பேரு வந்தோம், அஞ்சு பேரு போறோம்" என்றேன். அது உண்மைதான்.

தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அவருடைய பெரிய பை இருந்தது, மேலே பாஸ்போர்ட் கவர். காரின் பின்சீட்டில் வைத்தாள்.

"என்ன இது?" என்றார் மாப்பிள்ளை.

"இருக்குற ஆளா இருந்தா இந்நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பீங்க. நீங்க காருகிட்டல்ல நிக்கிறீங்க?"

"இந்த எலி மட்டும் இல்லேன்னா..."

"எலியச் சொல்லாதீங்க."

"ரெண்டே வருஷம்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. ஏறுங்க, இருட்டப்போகுது."

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். என் நண்பர்கள் நாலு பேரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் சாவியை ஒரு நண்பனிடம் கொடுத்தேன். "மாப்ளைய எங்க வீட்டுல விட்டுருங்க. ரெண்டு நாள் மகளோட இருக்கட்டும்" என்றேன். பெரிய மனசெல்லாம் இல்லை. திருக்கோகர்ணம்வரை அந்த மனுஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக எனக்குப் பிடிக்கவில்லை, கன்னத்தில் ஒன்று கொடுத்தாலும் கொடுத்துவிடுவேன். தங்கச்சியைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலே ஏறினார். கார் கப்பி ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய், கண்மாய்க் கரை திருப்பத்தில் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் கோயில் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. அதிர்வேட்டு போட்டார்கள். காப்புக் கட்டியாயிற்று. எலிகள் பயமில்லாமல் வரப்பில் ஏறி இறங்கின.

தங்கச்சி குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தவள், என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள். எல்லோரும் போய்விட்டதாக நினைத்திருக்கிறாள்.

"நீங்க போகலையா?"

"எட்டு நாளும் நான் இருக்கேன்மா" என்றேன். "பகல்ல ஆபீஸ் போயிட்டு ராத்திரி வந்துருவேன். நீ ஒண்ணும் கவலைப்படாத."

அவள் குடத்தைத் தொட்டி மேல் வைத்தாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

"நான் ஒங்களையாண்ணே இருக்கச் சொன்னேன்?"