தரிசு என்று நான் எழுதிய மேடு

எண்பதுகளின் நடுவில், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நில வரைபடம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். படத்தில் தெரிவது தரையில் உண்மையில் என்ன என்று நேரில் பார்த்து எழுதுவது என் வேலை. அந்தப் படங்களில் பயிர் சிவப்பு, தண்ணீர் கறுப்பு. காட்டூர் வயல்கள் ரத்தச் சிவப்பாக இருந்தன. பழவேற்காடு ஏரிக்கரையில் நீளமாக ஒரு வெள்ளைத் திட்டு. மேலதிகாரி அதன்மேல் பென்சிலால் 'உப்புத் தரிசு' என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சந்தேகம். தரையின் வெப்பத்தைப் பதிவு செய்த இன்னொரு படத்தில் அதே திட்டு பளிச்சென்று இருந்தது. அப்படியென்றால் காய்ந்த, சுடும் தரை. ஈரம் கசியும் உப்புத் தரை காலையில் அவ்வளவு சுடாது.

"போய்ப் பாரு. மாத்திச் சொல்றதா இருந்தா ஆதாரத்தோட சொல்லு," என்றார் மேலதிகாரி, தலை நிமிராமல்.

படம் எடுக்கப்பட்ட அதே காலை நேரத்தில் வெப்பமானியோடு போய்ச் சேர்ந்தேன். திட்டு ஒரு மணல் மேடு. மேடு முழுக்க மீன் காய்ந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணிப்பு சரியாகிவிட்ட பெருமையில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு மீன் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்து வெப்பமானியை மணலில் செருகினேன்.

கெளுத்தி முள் ஏறிய விரலில் துணி சுற்றியிருந்த ஒருத்தி எதிரே வந்து நின்றாள்.

"இன்னா குத்துற?"

"மணல் எவ்ளோ சூடுன்னு பாக்கறேன்."

"காலை வச்சா தெரிஞ்சிடும். எங்க எடத்த எதுக்கு அளக்குற?"

புரியவைக்கலாம் என்று படத்தை விரித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

"மேலேர்ந்து புடிச்சியா? யாரக் கேட்டுப் புடிச்ச?"

"எங்க ஊருத் தோப்புக்கும் இப்டித்தான் ஒருத்தன் பேப்பரோட வந்தான். அடுத்த வருசம் வேலி போட்டானுங்க," என்றாள் பின்னால் நின்றவள்.

விரலில் துணி சுற்றியவள் வெப்பமானியைப் பிடுங்கி ஏரியில் எறிந்தாள். படத்தின்மேல் ஒரு கூடை ஈர மீனைக் கொட்டினாள். யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதில் விழுந்தேன். எழுந்து நடந்தபோது முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். என்மேல் அடித்த மீன் வாடையில் பொன்னேரி வரை பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

வெப்பமானி தொலைந்ததற்கு அதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். அன்று மாலை படிவத்தில், 'உப்புத் தரிசு. நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறதியும் இல்லை, பயமும் இல்லை. வன்மம். எழுதும்போது அவள் முகம் கண்ணெதிரில் இருந்தது.

மறு வருடம் தாலுகா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வரைபடத்தைக் காட்டி, அந்தத் தரிசை உப்பளத்துக்குக் கேட்டு ஒருவர் மனுப் போட்டிருந்தார். ஊரார் எதிர்க்கிறார்கள், மறுபடி பார்த்து எழுதுங்கள் என்றது கடிதம். நான் எழுதியது பொய் என்று அதிகாரியிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

"சந்தேகப்பட்டதும் நீ, சரிபார்த்ததும் நீ. இப்போ மாத்தறதும் நீயேவா?" என்றார். பிறகு என்னையே அனுப்பினார்.

மேட்டில் அவளே நின்றிருந்தாள்.

"மறுபடி வந்துட்டியா?"

"மாத்தி எழுத வந்தேன். போன தடவ இத தரிசுன்னு எழுதிட்டேன்."

"மீனு காயறத பாத்தியே."

"பாத்தேன்."

"பாத்துட்டேவா எழுதின?"

"ஆமா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு உன்னையும் ஏரில போட்டிருக்கணும்," என்றாள், குரலை உயர்த்தாமல். "எழுது. எழுதிட்டுப் படிச்சுக் காட்டு."

'மீன் உலர்த்தும் களம். பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிப் படித்தேன்.

"யாரு காய வைக்கிறாங்கன்னு இல்லியே. பொம்பளைங்கன்னு போடு."

போட்டேன். அவள் குனிந்து மீனைப் புரட்டத் தொடங்கினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எனக்கு அவளை அன்றும் பிடிக்கவில்லை.

உப்பள மனு தள்ளுபடியானது. அடுத்து அச்சான வரைபடத்தில் திட்டின் நிறம் மாறியது. பெண்களைப் பற்றிய வரியை மட்டும் அதிகாரி சிவப்பு மையால் அடித்துவிட்டார். அதன்பிறகு அவர் என்னைக் களப்பணிக்கு அனுப்பவே இல்லை.