எங்களுக்கும் துடக்கு

சிரித்தான்தான், யார் இல்லையென்றது? சாவுச் செய்தி கேட்டுத் தேத்தண்ணிக் கடையில் நின்று சிரித்தவன் என்று ஒட்டுசுட்டான் முழுக்கக் கதைத்துத் திரிகிறவர்கள், சுதாகரன் ஏன் சிரித்தான் என்பதையும் சேர்த்துக் கதைத்தால் நாக்குத் தேய்ந்து போகாது. காணி உரித்துக் கேட்கத்தான் ஊரூராய்ச் சொந்தம் விசாரித்தானாம். அடுத்தவன் காணியை உழுதே களைத்துப்போகிறவன் அவன்.

தகப்பன் வீரகத்தி செத்தபோதுதான் அது தொடங்கியது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தகப்பன் வழிச் சொந்தம் அத்தனைக்கும் துடக்கு. அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள். வீரகத்திக்குத் துடக்குக் காத்தது சுதாகரன் வீடு மட்டும். அயலார் நல்லவர்கள்தான். பாடை தூக்கினார்கள், சோறு கொடுத்துவிட்டார்கள். அடுத்த வெள்ளியே முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். படலையடியில் நின்று பார்த்தவனுக்கு, நாளை தான் செத்தாலும் தன் பிள்ளைகள் இப்படித் தனித்துத்தானே குந்தியிருக்கும் என்று பட்டது.

அவனிடம் இருந்தது ஒரு துண்டுக் கதை. அப்பப்பா ஏரம்பு குடாநாட்டிலிருந்து குளத்துக்குக் கீழே காணி வெட்ட வந்தவர். கூட வந்த தம்பி வன்னிக்குள் வேறெங்கோ குடியேறிவிட்டார். மிச்சமெல்லாம் இடப்பெயர்வோடு போயிற்று. அதனால் உழவுக்குப் போகிற இடமெல்லாம் வரம்போரம் உழவு மெசினை நிறுத்திவிட்டு, "உங்கடை பூட்டன்ரை பேர் என்ன?" என்று கேட்பான்.

ஓமந்தையில் ஒரு வீட்டில், "வீரகத்தி" என்றார்கள். சுதாகரனின் பூட்டனும் வீரகத்தி. வாழைக்குலையோடு போய் அந்த வீட்டுக் கிழவரைக் கட்டிப்பிடித்து, "பெரியப்பா" என்று அழுதும் விட்டான். பிறகு பார்த்தால் அது வேறு வீரகத்தி, வேறு ஊர். பாட்டன் பேரைப் பேரனுக்கு வைத்து வைத்து, குடாநாடு முழுக்க வீரகத்தியும் ஏரம்பும்தானே.

"குலையைத் திருப்பிக் கேக்கேலாது. பெரியப்பாவை நீங்களே வைச்சிருங்கோ" என்றாள் மனைவி சுமித்திரா. அன்றோடு வெறும் பெயரை நம்புவதை விட்டான்.

புளியங்குளத்தில் உழவுக்குக் கூப்பிட்டவர் இரஞ்சிதம், கைம்பெண். "ஒட்டுசுட்டான் ஏரம்பு எண்டு ஆரையும் தெரியுமோ?" என்று தயங்கித்தான் கேட்டான்.

"ஆர், பெரிய மாமாவோ? எங்கடை மாமான்ரை தமையனெல்லோ! அந்த மனிசனாலைதான் தம்பி, நான் கலியாணம் முடிச்சு வந்த முதல் பொங்கல் நிண்டது! விடிஞ்சாப் பொங்கல், அவர் செத்துப்போனாரெண்டு ஆள் வந்து நிக்குது. மாமி பானையைக் கவிட்டு வைச்சிட்டா."

ஊரெல்லாம் வெடி வெடிக்க, தன் வீட்டு அடுப்பு மட்டும் எரியாத தைப்பொங்கல் சுதாகரனுக்கு நினைவிருந்தது. பொங்கல் வேண்டுமென்று அழுது தாயிடம் அடி வாங்கியவன்.

"உங்கடை வீட்டிலையும் பொங்கேல்லையோ?"

"பின்னை? ஒரே துடக்கெல்லோடா!"

தம்பி என்றவர் 'டா' போட்டுவிட்டார். அவன் அங்கேயே வரம்பில் இருந்துவிட்டான்.

பிறகு காணும்போதெல்லாம், "உங்கடை வீட்டாலை எனக்கொரு பொங்கல் வரக் கிடக்கு" என்று இரஞ்சிதம் நையாண்டி பண்ணுவார். அடுத்த தையில் சுமித்திரா பானையும் அரிசியும் கொண்டுபோய் அந்த முற்றத்திலேயே பொங்கினாள். "இனிப்புக் காணாது" என்றபடியே, அவனுக்கு இப்போது சின்னம்மாவாகிவிட்ட இரஞ்சிதம் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

திருவிழா நேரம். அன்று சுதாகரன் சுவாமி தூக்க வேண்டிய நாள். தேத்தண்ணிக் கடையில் நின்றவனுக்குப் போன் வந்தது. இரஞ்சிதத்தின் மகன் தயாபரன்.

"அண்ணை, அம்மா மோசம் போயிட்டா. கோயிலுக்குப் போயிடாதேங்கோ, உங்களுக்கும் துடக்கு."

அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் சிரித்தான். சிரிப்பைக் கண்டு முகம் சுளித்தவர்கள், பின்னாலேயே வந்த கண்ணீரைப் பார்க்க நிற்கவில்லை.

திருவிழாவுக்கென்று எடுத்த வேட்டியைச் சுமித்திரா அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பழையதைக் கொடுத்தாள். அவன் வெளியே வர, பக்கத்து வீட்டுச் சுரேகா பூத்தட்டோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்னண்ணை, சுவாமி தூக்க வரேல்லையோ?"

"கிட்ட வராதை பிள்ளை. எங்களுக்குத் துடக்கு!"

நாலு வீட்டுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி படலையைத் திறந்து பஸ்ஸுக்கு நடந்தான்.