சுவிட்சின் மேல் ஒரு பொட்டு

தேவானை அக்கா ஒரு இடத்தை விட்டுக் கிளம்பினால் அங்கிருக்கும் சுவிட்சை அணைத்துவிடுவார். அணைத்த பிறகு அதே சுவிட்சை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். தன் வீடு, பிறர் வீடு என்ற வித்தியாசம் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வந்தால், நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே நினைவில்லாமல் அணைத்துவிட்டுப் போவார். "யக்கா!" என்று கத்துவோம். திரும்பி வந்து போட்டுவிட்டு, "கைப் பழக்கம்டா" என்பார்.

மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே அவருடைய இஸ்திரி வண்டி நின்றது. கரிப்பெட்டியிலிருந்து கரண்டுப் பெட்டிக்கு மாறிய புதிதில், டீ குடித்துவிட்டு வருவதற்குள் யாருடைய பட்டு வேட்டியிலோ பெட்டியின் உருவம் அப்படியே பதிந்துவிட்டதாம். அன்று வந்த பழக்கம் என்பார். அவர் கணவர் நாகராஜ் அண்ணன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "கல்யாணத்தன்னிக்கே மண்டபத்து ஃபேனை நிறுத்திட்டு வந்தவ இவ!"

அண்ணன் எதையும் சத்தமாகத்தான் சொல்வார். கல்யாண மண்டபங்களில் ஜெனரேட்டர் ஓட்டியவர். வருடக்கணக்காக அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காது போய்விட்டது. வேலையும் நின்றது. அக்கா வண்டிக்குப் போனதும் வீட்டில் தனியாக இருப்பார். செய்வதற்கு அவருக்கு இருந்த ஒரே முக்கியமான வேலை தண்ணீர் பிடிப்பது.

ராயப்பேட்டையில் நாங்கள் இருந்த காம்பவுண்டில் எல்லாப் போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே குழாய். அது அக்கா வீட்டு ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. காலையில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் கொஞ்ச நேரம்தான். "தண்ணி வந்துச்சு" என்று யாராவது கத்தினால் எல்லாரும் குடத்தோடு ஓடி வருவார்கள். அண்ணனுக்கு அது கேட்காது. பக்கத்துப் போர்ஷன் தபஸ்ஸும் அக்கா ஒட்டடைக் குச்சியை ஜன்னல் வழியே விட்டு அவர் தோளைத் தட்டுவார். சில நாட்களில் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே படுத்திருக்க ஆரம்பித்தார். குடங்கள் காலியாகவே கிடந்தன.

"தபஸ்ஸும் மேல தப்பில்லடா," என்றார் அக்கா என்னிடம். "உள்ள வந்து தொட அதுக்குக் கூச்சம். ஆனா அவரு இன்னா மாடா, குச்சியால ஓட்றதுக்கு? யாரும் தட்டாம அவரா எழுந்து வரணும். அதான் எனக்கு வேணும்."

துணியை விரிக்கும் முன் பாக்கெட்டைத் துழாவுவது இஸ்திரிக்காரர்களின் முதல் வேலை. பேனா கிடைக்கும், கோயில் குங்குமம் கிடைக்கும். ஒருநாள் இரண்டாவது மாடி ஜலஜா மாமியின் பையன் அனிருத்தின் சட்டையில் பாதி பிஸ்கட் அளவுக்கு ஒரு பச்சைத் தகடு கிடைத்தது. மேலே கொண்டுபோய் அவனிடமே கொடுத்திருக்கிறார்.

"அக்கா, இது ஒரு முழு கம்ப்யூட்டர், தெரியுமோ?"

"இதுவா? டிவி எங்க கீது தம்பி?"

வேண்டுமானால் டிவியோடு இணைக்கலாம், இல்லாமலும் ஓடும், விளக்கைப் போடும், மோட்டாரை நிறுத்தும் என்று அனிருத் சொல்லிக்கொண்டே போக, விளக்கு என்ற சொல்லில் அக்கா நின்றுவிட்டார். தண்ணீர் வந்தால் விளக்கு எரியுமா என்று கேட்டார். எரியும் என்று சொல்லி அவன் அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். "ஆத்துல இன்னும் நாலு சும்மா கிடக்கு. வெச்சுக்கோங்கோ. ஆனா ஒண்ணு. இந்த மாதிரி போர்டை வெச்சு எதையாவது பண்றவா கூட்டம் ஒண்ணு இருக்கு, அதுல ஒரு வழக்கம் உண்டு. போர்டு வாங்கிண்டவா ஒரு ஞாயித்துக்கிழமை அடையாறுக்கு வந்து, அதை வெச்சு என்ன பண்ணினான்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். எங்க சொதப்பினான்னும் சொல்லணும்."

"வந்து சொல்றேன்," என்று அக்கா வாக்குக் கொடுத்தார்.

அன்று மாலை தகடு என் முன்னால் இருந்தது. நான் நந்தனம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவன், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. ஆனால் லேப்பில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அதன் மூடியைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. இதைத் தெரியாது என்று சொல்லவும் வரவில்லை. அரசாங்கம் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில் வீடியோ பார்த்துப் பார்த்து, தகட்டில் செருகும் மெமரி கார்டில் புரோகிராமை எழுதினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒயரைச் சீவிக் கொடுத்தார். இரண்டு ஒயரின் முனைகள் குழாயின் வாய்க்குள். தண்ணீர் இரண்டையும் தொட்டால் வீட்டுக்குள் சிவப்பு பல்பு எரிய வேண்டும், அக்காவின் போனுக்கும் செய்தி போக வேண்டும். விளக்குக்கு மட்டுமென்றால் கம்ப்யூட்டரே தேவையில்லை என்று பின்னால் படித்தேன். அப்போது தெரியாது.

டம்ளர் தண்ணீரில் ஒயரை முக்கியதும் பல்பு எரிந்தது. அண்ணன் டம்ளரை வாங்கித் தானே முக்கினார், எடுத்தார், மறுபடி முக்கினார்.

மறுநாள் காலை தண்ணீர் வந்தபோது பல்பு எரியவில்லை. குச்சிதான் வந்தது. சாயங்காலம் பார்த்தால் கார்டில் எழுதியதெல்லாம் பாழாகியிருந்தது. திரும்ப எழுதினேன். மாலையில் எரிந்தது, காலையில் செத்தது. போர்டுக்குக் கரண்டு கொடுக்கும் சார்ஜர் மட்டம் என்றேன். ரிச்சி தெருவில் வேறு வாங்கி வந்தோம். அதற்கும் அதே கதி. கார்டு போலி என்றேன். அதையும் மாற்றினோம். அண்ணன் பல்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான்தான் தப்புத் தப்பாக எழுதுகிறேனோ என்று எனக்குள் அரித்தது. யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. அக்காவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. துணி கொடுக்கும் நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு அனிருத் வீட்டு வாசலில் நின்றார்.

அவன் கேட்ட முதல் கேள்வி, "எப்படி நிறுத்தறேள்?"

"சுவிட்சை அமுத்தித்தான்."

"ஐயோ! அப்படி டக்குனு நிறுத்தினா கார்டு கெட்டுப் போயிடும் அக்கா. அதுகிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தணும். ஆமா, காலம்பற எதுக்கு நிறுத்தறேள்?"

"வேலைக்குக் கிளம்புறேன்ல தம்பி. சுவிட்சைப் போட்டுட்டு எப்டி வீட்டை வுட்டுப் போறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் பார்த்த பழக்கம். எங்கள் டிவி அணைந்ததெல்லாம் அதனால்தான். அந்தப் பழக்கத்தை நினைக்காமல் சார்ஜரைத் திட்டியிருக்கிறேன்.

"கரண்டு போனா இன்னா பண்றது?"

"என்னைக்கோ போனா போறது, திரும்ப எழுதிக்கலாம். தினமும் கொல்லாம இருந்தா போதும்."

தெரிந்துகொண்டதால் மட்டும் கை நிற்கவில்லை. மறுநாள் காலை அக்கா சுவிட்சைத் தொடாமல் தெருமுனை வரை போனார், வண்டிக்குப் போகாமல் திரும்பி வந்து அணைத்தார். "பெட்டி எரியற மாதிரியே கீதுடா."

அன்று மாலை நான் மறுபடி கார்டு எழுதும்போது அண்ணன் நாங்கள் சைகையில் சொன்னதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், கண்ணாடியில் ஒட்டியிருந்த அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வந்து, அந்த ஒரு சுவிட்சின் மேல் ஒட்டினார்.

"இத்த மட்டும் தொடாத!" காம்பவுண்டு முழுக்கக் கேட்டது.

மறுநாள் அக்கா கிளம்பும்போது நானும் அங்கே இருந்தேன். லைட், ஃபேன், டிவி எல்லாவற்றையும் அணைத்தார். விரல் கடைசி சுவிட்சுக்குப் போய்ப் பொட்டில் பட்டு நின்றது. பொட்டை ஒருமுறை தடவினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு பல்பு எரிந்தது. குழாயில் அப்போதுதான் சொட்டத் தொடங்கியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் குடத்தோடு வெளியே வந்து குழாயடியில் முதல் ஆளாக நின்றார். பிறகு தபஸ்ஸும் அக்காவின் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். "யம்மா, இன்னா தூக்கம்? தண்ணி வந்துச்சு!"

தபஸ்ஸும் அக்கா ஒட்டடைக் குச்சியோடு வெளியே வந்தார். அண்ணனைப் பார்த்ததும் அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுக் குடம் எடுக்கப் போனார்.

பிறகு காம்பவுண்டை ஒரு பில்டர் வாங்கினார். நாங்கள் பக்கத்துத் தெருவிலேயே வீடு பிடித்தோம். அக்காவுக்கு இங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. பெரும்பாக்கம் பக்கம் போய், அங்கேயே இஸ்திரிக் கடை போட்டுக்கொண்டார். போர்டும் பல்பும் கூடவே போயின. அங்கேயும் தண்ணீர் நேரம் கெட்டுத்தான் வருகிறதாம்.

அடையாறு கூட்டத்துக்கு இப்போது நான் போகிறேன். வேலை தேடுவதற்கு நடுவே அது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக நடக்கிறது. போனதும் அனிருத் கேட்பான், "தேவானை அக்கா எப்ப வரா?" நானே சொல்லிவிடலாமா என்று ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நீ சொல்லாத. வாக்குக் குடுத்தது நான். சொதப்புனதும் நான். நானே வந்து சொல்றேன்."

"இந்த ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"ஞாயித்துக்கிழமைதான்டா மூட்டை மூட்டையா துணி வருது. அடுத்த வாரம் பாக்கலாம்."

பேசி முடித்து அவர் போனை வைப்பதற்குள், கடைச் சுவிட்ச் ஒன்று டக்கென்று அணையும் சத்தம் கேட்டது. அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.